கம்பி வேலிக்குக் கட்சி இல்லை

மலேசியர் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் ஐ.சி. என்ற அடையாள அட்டை பிறந்தது ஒரு போரின் நடுவில். 1948 ஜூன் 16 காலை, சுங்கை சிப்புட் அருகே எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் அவசரகாலம் மலாயா முழுவதற்கும் வந்தது. பன்னிரண்டு வயதைத் தாண்டிய எல்லாரும் படமும் கைரேகையும் கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற உத்தரவும் அந்த ஆண்டே வந்தது. காட்டிலிருந்து இறங்கிய கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் அந்த அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள். அட்டை இல்லாதவரைச் சர்க்கார் சந்தேகித்தது. பால் வெட்டிப் பிழைத்தவர்கள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

அடுத்து வந்தது வேலி. 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தில் ஏறக்குறைய 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், புதுக் கிராமங்களுக்கு மாற்றப்பட்டதை வரலாற்று நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து முள்கம்பிக்குள் அடைத்ததைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. அப்படி அடைபட்ட தொழிலாளர்களில் தமிழர்கள் ஏராளம். இருட்டினால் ஊரடங்கு. விடிந்து வேலைக்குப் போகும்போது வாசலில் சோதனை; காட்டுக்குப் போய்விடாதபடி, ஒரு பிடி அரிசிகூட வேலியைத் தாண்டக் கூடாது. 1952-இல் பேராக்கின் தென்கோடியில் தஞ்சோங் மாலிம் அருகே பன்னிரண்டு பேர் கொல்லப்பட்டபோது, ஹை கமிஷனர் டெம்ப்ளர் அந்த ஊர் முழுவதையும் தண்டித்தார். நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு, அரிசிப் பங்கீட்டில் வெட்டு. பிறகு வீட்டுக்கு வீடு ஒரு படிவம்: யார் கம்யூனிஸ்டுகளுக்கு உதவுகிறார்கள் என்று எழுதிப் பூட்டிய பெட்டியில் போட வேண்டும்.

கொலைகள் உண்மை, அச்சமும் உண்மை. தன் குடிகளைக் காப்பாற்றும் கடமை எந்த அரசுக்கும் உண்டு. ஆனால் ஆபத்துக்காகக் கொடுத்த அதிகாரம் ஆபத்தோடு நின்றதில்லை. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். உயிரையாவது விடுங்கள் என்று நேருவின் அரசு கேட்டும் பலனில்லை. அதன்பின் கூலி உயர்வு கேட்க நினைத்த தோட்டத் தொழிலாளி, பேசுவதற்கு முன் அக்கம்பக்கம் பார்க்கக் கற்றுக்கொண்டார். கண்காணிப்பின் முழு வெற்றி அதுதான். யாரும் பார்க்காதபோதும் மனிதன் தன்னைத் தானே காவல் காக்கத் தொடங்கிவிடுகிறான்.

அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. மறுநாள், ஆகஸ்ட் 1-இல், இசா என்று நாம் அறிந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விசாரணையில்லாமல் அடைக்கும் அதிகாரம் ஒரு நாள்கூட ஓய்வெடுக்கவில்லை. கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகத்தான் பயன்படுத்துவோம் என்று ஆட்சியாளர்கள் உறுதி சொன்னார்கள். நாடாளுமன்றத்தில் எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர், ஈப்போ மக்கள் கொண்டாடிய வழக்கறிஞர் டி.ஆர். சீனிவாசகம். அவர் 1969-இல் காலமானார். அவருடைய மக்கள் முற்போக்குக் கட்சி 1974-இல் தேசிய முன்னணிக்குள் போய், அவர் எதிர்த்த அதே சட்டத்தைக் கையில் வைத்திருந்த ஆட்சியின் பங்காளியானது.

இந்த மண்ணில் பிறகு நடந்ததெல்லாம் இதே கதைதான், ஆட்கள்தான் வேறு. 1987 அக்டோபரில் ஒப்பராசி லாலாங் என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள். ஜனநாயகச் செயல் கட்சியின் (ஜ.செ.க.) லிம் கிட் சியாங், அவர் மகன் லிம் குவான் எங், கர்ப்பால் சிங், ஈப்போ எம்.பி. பி. பட்டு, பாஸ் கட்சியின் முகமட் சாபு என்று பல கட்சியினரும் அதில் இருந்தார்கள். பலருக்கும் அடுத்த முகவரி தைப்பிங் அருகே கமுண்டிங் முகாம். அன்று பிரதமர் மகாதீர். உள்துறையும் அவரிடமே இருந்தது. நம் வாக்கை வாங்கிய மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தது. 2007 டிசம்பரில் இந்தியர் உரிமைக்காகப் போராடிய இண்ட்ராப் அமைப்பின் தலைவர்கள் ஐவர் அதே கமுண்டிங்குக்குப் போனபோதும் ம.இ.கா. அங்கேதான் இருந்தது.

2011-இல் இன்னொரு சட்டம். 1969 மே கலவரத்துக்குப் பின் பிறந்த அவசரகாலச் சட்டத்தின் கீழ், சுங்கை சிப்புட் எம்.பி. டாக்டர் ஜெயக்குமார் தேவராஜும் மலேசிய சோசலிசக் கட்சியினர் ஐவரும் விசாரணையின்றி அடைக்கப்பட்டார்கள். கம்யூனிசத்துக்கு உயிர்கொடுக்கப் பார்க்கிறார்கள் என்றது காவல்துறை. அவசரகாலம் தொடங்கிய அதே ஊரின் எம்.பி.யான ஒரு டாக்டரைக் காவலில் தள்ள, 63 ஆண்டுகளுக்குப் பிறகும், அந்தப் பழைய அச்சம் போதுமானதாக இருந்தது.

இசா 2012-இல் ஒழிந்தது. அதன் இடத்துக்கு வந்த சொஸ்மா சட்டம் 28 நாள் தடுப்புக்காவலை அனுமதிக்கிறது, ஜாமீனை ஏறக்குறைய மறுக்கிறது. கடிதத்தைப் பிரிக்கவும் தொலைபேசியை ஒட்டுக்கேட்கவும் அரசு வழக்கறிஞரின் அனுமதி போதும். நீதிபதியிடம் போக வேண்டியதில்லை. அவசரம் என்றால் காவல்துறை அதிகாரியே முடிவெடுக்கலாம்.

இதன் கொடிய பிரிவுகளை நீக்குவோம் என்று சொல்லித்தான் நம்பிக்கைக் கூட்டணி 2018-இல் வாக்குக் கேட்டது. கமுண்டிங்கில் கிடந்த லிம் குவான் எங் நிதியமைச்சரானார், முகமட் சாபு தற்காப்பு அமைச்சரானார். அவர்களை அடைத்த மகாதீரே பிரதமர். அந்த ஆட்சியில்தான் 2019 அக்டோபரில், பத்தாண்டுக்கு முன்பே போர்க்களத்தில் அழிந்த விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லி, பன்னிரண்டு பேர் சொஸ்மாவில் கைதானார்கள். அவர்களில் இருவர் ஆளும் ஜ.செ.க.வின் சட்டமன்ற உறுப்பினர்கள். ஜாமீன் மறுக்கும் பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று உயர்நீதிமன்றம் நவம்பரில் சொன்னது. 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் வழக்குகளைக் கைவிட்டார். அதற்குள் நான்கு மாதம் கழிந்துவிட்டது. கண்டித்துப் பேசிய ஜ.செ.க.வினர் உண்டு. சட்டம் மட்டும் அசையவில்லை.

2022 மார்ச்சில் அந்த 28 நாள் அதிகாரத்தை நீட்டிக்கும் தீர்மானம் 84-க்கு 86 என்று தோற்றது. ஆட்சியை இழந்து அப்போது எதிர்க்கட்சியாக இருந்த நம்பிக்கைக் கூட்டணி எதிர்த்து வாக்களித்தது. ஜூலையில் தீர்மானம் மறுபடியும் வந்து நிறைவேறியது. நவம்பரில் அன்வார் பிரதமரானார். அவரே 1974-இல் இசாவில் பிடிபட்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டு கமுண்டிங்கில் இருந்தவர். ஆனால் டிசம்பரிலேயே அவருடைய உள்துறை அமைச்சர், சொஸ்மா தேவை என்றார்.

தமிழகமும் இந்தப் பாடத்தைப் படித்ததுண்டு. 2002 மார்ச்சில் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றிய இந்திய மத்திய ஆட்சிக் கூட்டணியில் வைகோவின் ம.தி.மு.க.வும் இருந்தது. அந்த ஜூலையிலேயே, திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக, ஜெயலலிதா அரசு அவரை அதே பொடாவில் கைது செய்தது. பத்தொன்பது மாதம் வேலூர் சிறை. நல்லவர் கையில்தானே இருக்கிறது என்று நம்பிக் கொடுத்த கத்தி, கை மாறியதும் யார் மீது பாயும் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற கணக்கு தலைவர்களிடம் மட்டும் இல்லை. இண்ட்ராப் தலைவர்களுக்காகக் கோயில்களில் விளக்கேற்றிய நாம், குண்டர் கும்பல் சந்தேகத்தில் சொஸ்மாவில் பிடிபட்ட இளைஞர்களின் தாய்மார்கள் சிறைவாசலில் உட்கார்ந்து அழுதபோது எத்தனை பேர் போய் நின்றோம்? குற்றம் செய்தவன் தண்டனை அனுபவிக்கட்டும்; அதைச் சொல்ல வேண்டியவர் நீதிபதி. நமக்குப் பிடித்தவனுக்கு மட்டும் கேட்கும் நீதியைச் சலுகை என்றுதான் சொல்ல வேண்டும்.

கண்காணிக்க இன்று வேலியும் வேண்டாம், வாசல் சோதனையும் வேண்டாம். தொலைபேசி நிறுவனங்களிடமிருந்து மக்களின் கைப்பேசித் தரவுகளைத் தொடர்பு, பல்லூடக ஆணையம் கேட்டது 2025 ஜூனில் வெளிவந்தது. புள்ளிவிவரத்துக்காகத்தான், பெயர் அடையாளம் இருக்காது என்றது ஆணையம். அது அப்படியே உண்மையாக இருக்கட்டும். ஆனால் 2010-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்துவதில்லை. நாளைக்கு வேறொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வேறு காரணத்துக்காகக் கேட்டால் தடுக்க நம் கையில் என்ன இருக்கிறது?

சொஸ்மாவின் 28 நாள் அதிகாரத்துக்கு 2022-இல் கொடுத்த ஐந்தாண்டுக் கெடு 2027 ஜூலை இறுதியில் முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் மீண்டும் கைதூக்க வேண்டும். ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தைப்பிங்கிலும் வாக்குக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும், எந்தக் கட்சிக் கொடியோடு வந்தாலும், ஒரே கேள்வியைக் கேட்போம்: எதிர்க்கட்சியில் இருந்தால் எப்படி வாக்களிப்பீர்களோ, ஆட்சியில் இருந்தாலும் அப்படியே வாக்களிப்பீர்களா? பதிலை எழுதி வைத்துக்கொள்வோம். தலைமுறை தலைமுறையாக அரசு நம் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறது. அவர்கள் வாக்கைப் பதிந்து வைக்கும் உரிமை நமக்கும் உண்டு.