நாட்கூலியும் தவறணையும்

இடம்பெயர்ந்து வந்து கல்கிசை, வெள்ளவத்தைப் பக்கம் கட்டட வேலைக்குப் போகும் எங்கள் ஆண்கள் ஊரில் இருந்ததைவிடக் கூடுதலாகக் குடிக்கிறார்கள் என்று பெண்கள் முறையிடுகிறார்கள். 'பொறுப்பில்லாதவன்' என்று ஏசிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

கமக்காரனுக்குக் காசு வருவது அறுவடைக்குத்தான். இடையில் குடிக்க வேண்டுமானால் நெல்மூடையை அவிழ்த்து விற்கவேண்டும், மனைவி கண்டுவிடுவாள். நாட்கூலியோ ஒவ்வொரு மாலையும் கையில் விழுகிறது, வீட்டுக்குப் போகும் வழியில் தவறணை இருக்கிறது. உடம்பு களைத்திருக்கும் அந்த நேரத்தில் பிள்ளையின் அடுத்த தவணைக் கொப்பி யாருக்கு ஞாபகம் வரும்?

சென்னையில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டிகள் 229 பேரிடம் பிராங்க் ஷில்பாக் என்ற பொருளியலாளர் செய்த ஆய்வு 2019 இல் வெளிவந்தது. பகலில் குடிக்காமல் வந்தால் கூடுதல் காசு என்று ஒரு பகுதியினருக்குச் சொல்லி, தினமும் மூச்சைச் சோதித்தார்கள். அவர்கள் குடியை விடவில்லை, இரவுக்குத் தள்ளிவைத்தார்கள். வருமானமும் கூடவில்லை. ஆனால் ஆய்வு நிலையத்தில் அவர்கள் சேமித்த காசு ஏறத்தாழ அரைப்பங்கு கூடியது. தமக்கு நட்டம் என்றாலும் அந்த நிபந்தனையே வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள்!

அரசாங்கம் வரியைக் கூட்டுகிறது. சாராயம் விலையேற, கசிப்புக் காய்ச்சுபவனுக்குக் கொண்டாட்டம். நாங்கள் கூலி கைக்கு வரும் முறையை மாற்றிப் பார்ப்போம். கொந்தராத்துக்காரரோடு பேசி, ஒரு பங்கைக் கிழமைக்கு ஒருமுறை வாங்கலாம். மாதர் சங்கச் சீட்டுக் காசை வேலைத்தலத்து வாசலிலேயே, ஐந்து மணிக்குச் சேர்க்கலாம். எவ்வளவு பிடிப்பது என்பதை அவரே சொல்லட்டும். மனைவி பறித்தால் சண்டைதான் மிஞ்சும்.