ஸ்டோயிக் என்றால் அழாதவன் என்று யார் சொன்னது?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். கோபமும் இருக்கும். அதில் பாதி என் மேலேயே.

போன மாதம் என் தங்கை வீட்டுக்காரர் தவறிப்போனது உங்களில் பலருக்குத் தெரியும். கொள்ளி வைத்தபோதும் அவர் மகன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அன்று இரவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "ரியல் ஸ்டோயிக்" என்று ஒருவர் போட, பத்துப் பேர் கட்டைவிரலைத் தூக்கினீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தோம். "மாமா, அழுதா அசிங்கம்னு அடக்கிட்டே இருக்கேன். நெஞ்சு அடைக்குது, தூக்கமே வரல" என்றான். அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தத்தைக் கற்றுக்கொடுத்தது யார்? நானும்தான். 'ஸ்டோயிக்: உணர்ச்சியைக் காட்டாதவர்' என்று எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன்! அகராதிப்படி தப்பில்லை. ஆனால் சிறிய 'எஸ்' போட்டு எழுதினால்தான் அந்தப் பொருள். பெரிய 'எஸ்' போட்டால் அது ஒரு தத்துவப் பள்ளியின் பெயர். இந்த இரண்டாவது பாதியை நான் நடத்தவே இல்லை.

ஸ்டோவா என்றால் கிரேக்கத்தில் தூண்கள் வரிசையாக நிற்கும் தாழ்வாரம். கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸில் ஓவியம் தீட்டிய ஒரு தாழ்வாரத்தில் ஸீனோ பாடம் நடத்தினார். இடத்தின் பெயரே அந்தப் பள்ளிக்கும் வந்தது. அவர்கள் தேடியது 'அபதேயா'. அதன் வழி வந்த 'அபதி' இன்றைய ஆங்கிலத்தில் அக்கறையின்மை. அவர்கள் சொன்னதோ, தவறான கணிப்பில் பிறக்கும் அச்சம், ஆசை, ஆத்திரம், துயரம் இவற்றின் பிடியிலிருந்து விடுபடுவது. மகிழ்ச்சி போன்ற நல்ல உணர்வுகளுக்கு அவர்களிடம் தனி இடமே இருந்தது.

துயரத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள், உண்மைதான். ஆனால் முதல் அதிர்ச்சியில் முகம் வெளுப்பதும் கண்ணீர் வருவதும் ஞானிக்கும் உண்டு, அது மனிதன் கையில் இல்லை என்றும் அவர்களே சொன்னார்கள். புயலில் சிக்கிய கப்பலில் முகம் வெளுத்துப்போன ஒரு ஸ்டோயிக் ஆசிரியரைப் பற்றி ஆலஸ் கெலியஸ் எழுதியிருக்கிறார். ஏன் என்று கேட்டவரிடம் அவர் எபிக்டெட்டஸின் புத்தகத்தை எடுத்துக் காட்டி இதைத்தான் விளக்கினாராம். நண்பர் செரினஸ் இறந்தபோது அளவுமீறி அழுதேன் என்று செனெகா தன் கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். அதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. அளவோடு அழு என்பதுதான் அவர் அறிவுரை, அழாதே என்பதல்ல.

இந்த ஒரு சொல்லோடு போகவில்லை. ஆங்கிலத்தில் 'எபிக்யூர்' என்றால் நாக்கு ருசி தேடுபவர். அந்த எபிக்யூரஸோ ரொட்டியும் தண்ணீரும் போதும் என்றவர். ஒரு சின்னப் பானை பாலாடைக்கட்டி அனுப்பு, விருந்தாகச் சாப்பிடுகிறேன் என்று நண்பருக்கு எழுதியவர்.

"சார், சொல்லின் பொருள் காலத்தோடு மாறாதா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மாறட்டும். பழைய தமிழில் 'நாற்றம்' நல்ல மணம். இன்று யாரிடமாவது அப்படிச் சொல்லிப்பாருங்கள்! ஆனால் இன்றைய பொருளை வைத்துக்கொண்டு பழைய பாட்டுக்கு உரை எழுதினால் நான் மதிப்பெண் போடமாட்டேன். ரீல்ஸில் நடப்பது அதுதான். மார்க்கஸ் அரேலியஸ் சிலைப் படத்தைப் போட்டு, அடியில் 'ஆம்பளை அழமாட்டான்' என்று எழுதுகிறார்கள். கருத்து நம் ஊர்த் திண்ணையுடையது, கையெழுத்து மட்டும் ரோமாபுரிப் பேரரசருடையது. இது கள்ளக் கையெழுத்து இல்லாமல் வேறென்ன?

என்னிடம் படித்தவர்களிடம் பழைய நோட்டு இருந்தால் அந்த வரிக்குக் கீழே இரண்டாவது பொருளையும் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர்கள் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். சொந்தக்காரர்களே, குழுவில் போட்டதை அழிக்க வேண்டாம். அவனுக்கு ஒரு போன் போடுங்கள். அவன் அழுதால் "அழாதே" என்று சொல்லாமல், லைனிலேயே இருங்கள். அது போதும்.

உங்கள் இங்கிலீஷ் சார்