பிரிந்ததா, பிரித்ததா? ஒளிர்புரதமும் தமிழ்வழி மாணவரும்

புரதத்தை ஒளியால் இயக்கும் இன்றைய உயிரியலைத் தமிழில் சொல்ல இயலாது என்னும் தீர்ப்பு கல்விப்புலத்தில் எளிதாக வழங்கப்படுகிறது. 'கலைச்சொல் இல்லை' என்ற ஒரு வரியோடு வழக்கு முடிந்துவிடுகிறது. சான்று கேட்பாரில்லை.

சான்றைப் பார்ப்போம். பச்சை ஒளிர்புரதத்தை 1962இல் ஒசாமு ஷிமொமுரா ஜெல்லிமீனில் கண்டறிந்தார். 1994இல் மார்ட்டின் சால்ஃபி அதன் மரபணுவைப் பாக்டீரியாவிலும் புழுவிலும் செலுத்தி அவற்றை ஒளிரவைத்தார். 2004இல் அட்சுஷி மியாவாக்கியின் ஜப்பானியக் குழு பவளவுயிரிப் புரதமொன்றிலிருந்து 'ட்ரோன்பா'வை உருவாக்கியது. ஏறத்தாழ 490 நானோமீட்டர் நீலப்பச்சை ஒளி பட்டால் அது மங்கும். 400 நானோமீட்டர் ஊதா ஒளி பட்டால் மீண்டும் ஒளிரும். 2012இல் ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் லின் குழு, சற்றே மாற்றிய ட்ரோன்பாவை ஒரு நொதியின் இருபுறமும் பொருத்தியது. அவ்விரண்டும் தம்முள் இணைந்து நொதியின் செயலிடத்தை மறைத்தன. நீலப்பச்சை ஒளி அவற்றைப் பிரித்தது, செயலிடம் வெளிப்பட்டது. ஊதா ஒளி மீண்டும் இணைத்தது; செயலிடம் மறைந்தது.

இதில் எந்த வாக்கியம் தமிழில் நொண்டுகிறது? உண்மையில் தமிழுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தின் 'ஸ்விட்ச்' என்னும் வினை, புரதம் தானே மாறுவதையும் ஒளி அதனை மாற்றுவதையும் ஒரே வடிவில் சொல்லும். தமிழோ பிரிந்தது, பிரித்தது; இணைந்தது, இணைத்தது; மாறியது, மாற்றியது எனத் தன்வினையையும் பிறவினையையும் வடிவிலேயே வேறுபடுத்தும். 'திற' போன்ற சில வினைகள் இரண்டுக்கும் பொதுவாக நிற்பது உண்மைதான், அவை சிலவே. ஒளியின்றியும் புரதம் பிரிந்ததா, ஒளிதான் பிரித்ததா என்பதே இத்தகைய ஆய்வில் கட்டுப்பாட்டுச் சோதனை எழுப்பும் வினா. அவ்வினாவைத் தமிழ் இலக்கணம் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கிறது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வினையை மறந்து பெயர்ச்சொற்களை மட்டும் அடுக்கும் கலைச்சொல்லாக்கம், 'ஒளிர்வு' என்ற ஒரே சொல்லை எல்லாவற்றின்மீதும் போர்த்துகிறது. ஜெல்லிமீனில் வேதிவினையால் நீல ஒளி பிறக்கிறது; அது உயிரொளிர்வு. அவ்வாற்றலைப் பெற்றுப் பச்சை ஒளியை உமிழ்வது உடனொளிர்வு. இரண்டையும் 'ஒளிர்வு' என்றால் ஷிமொமுராவின் கண்டுபிடிப்பே விளங்காது. இதற்கு மொழி பொறுப்பன்று; அகராதிக் குழுக்களின் சோம்பலே பொறுப்பு.

இதன் விலையைக் கொடுப்பவர்கள் பாலக்காட்டின் சித்தூரிலும் இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலைப் பகுதிகளிலும் தமிழ்வழி பயிலும் மாணவர்கள். பத்தாம் வகுப்புவரை தமிழில் அறிவியல் கற்றவர், மேல்நிலையில் ஆங்கிலப் பாடநூலின்முன் திடீரென ஊமையாகிறார். அவரிடம் இருப்பதோ இரட்டைச் செல்வம்: 'மாறுக', 'மாற்றுக' என மலையாளமும் இதே வேறுபாட்டைப் பேணுகிறது. வீட்டிலும் தெருவிலும் அவர் நாள்தோறும் பிழையின்றி ஆளும் இலக்கணத்தை வகுப்பறை அறிவாகவே மதிப்பதில்லை.

அரசமைப்பின் 350அ பிரிவு மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழிக் கல்வியைத் தொடக்க நிலைக்கு மட்டுமே பேசுகிறது. அதற்கப்பால் தேவைப்படுவது இன்னொரு சொற்பட்டியல் அன்று. மேல்நிலை உயிரியலுக்குத் துணைநூல் வேண்டும். அதை அறிவியலாரும் மொழியியலாரும் ஒன்றாக அமர்ந்து, முழு வாக்கியங்களில் எழுத வேண்டும். அதுவரை 'தமிழில் இயலாது' என்பது ஆய்வு முடிவன்று. முயலாதவர் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட விடுப்புக் கடிதம்.