பட்டனைப் போடச் சொன்னால்

"நீ டவுசர் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போனப்ப நான் பார்டர்ல நின்னவன்டா."

வயதில் இளைய ஒரு நாயக், வயதில் மூத்த சிப்பாயைப் பார்த்து "சட்டைப் பட்டனைப் போடுங்க" என்று சொன்னால் படையில் கிடைக்கக்கூடிய பதில்களில் இது ஒன்று. இந்தியில் வரும், பஞ்சாபியில் வரும், தமிழிலும் வரும். போன வாரம் என் அக்கா மகனுக்கு வந்திருக்கிறது. மேற்கு எல்லைப் பக்கம் ஒரு யூனிட்டில் இருக்கிறான். நாயக் ஆகிச் சில மாதங்கள்தான். காலை ஃபால்-இன்னுக்கு (வரிசையில் நிற்பதற்கு) முன்னால் ஒருவர் மேல் பட்டன்களைத் திறந்துவிட்டு, பெரட்டைச் சுருட்டித் தோள்பட்டிக்குள் செருகிக்கொண்டு நின்றிருக்கிறார். இவன் போய்ச் சொல்லியிருக்கிறான். பிளட்டூனே கேட்கும்படி அந்தப் பதில் வந்திருக்கிறது. சிலர் சிரித்தும்விட்டார்கள். ராத்திரி போன் பண்ணிக் கேட்டான்: "மாமா, நான் கண்டுக்காம விட்டிருக்கணுமா, இல்ல ஓங்கி ஒண்ணு விட்டிருக்கணுமா?"

இரண்டும் கூடாது என்றேன். காரணத்தைப் போனில் முழுசாகச் சொல்ல முடியவில்லை. எங்கள் வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் படைக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னும் பல. அந்த வீடுகளிலும் இதே போன் வந்திருக்கும். அதனால் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

வெளியில் இருப்பவர்கள் முதலில் கேட்பது, "ஒரு பட்டனுக்கா இவ்வளவு?" என்பதுதான். சியாச்சினில் 1984 ஏப்ரலிலிருந்து நம் ஆட்கள் நிற்கிறார்கள். மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே போகிற இடம். அங்கே வெறுங்கையால் துப்பாக்கி இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் உரியும். வேர்வையில் நனைந்த காலுறையை மாற்றாமல் தூங்கினவனுக்குக் கால் விரல்கள் கறுத்துப்போகும். "கையுறையை மாட்டு", "சாக்ஸை மாத்து" என்று அங்கே லான்ஸ் நாயக் சொல்வதும் உடுப்புத் திருத்தம்தான். பரேடு கிரவுண்டில் பட்டனுக்குப் பணிந்து பழகாதவன், மலை மேல் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் பணிவான் என்று எதை வைத்து நம்புவது? சமதரையில் டர்ன்-அவுட் (உடுப்பு ஒழுங்கு) பார்ப்பதெல்லாம் அந்தப் பழக்கத்துக்காகத்தான். பூட்ஸ் பளபளப்பு அதற்கு அப்புறம்.

சட்டத்தில் தங்களுக்கு என்ன இடம் என்று நாயக், ஹவில்தார் போன்ற இளம் என்.சி.ஓ.க்கள் பலருக்குத் தெரிவதில்லை. மேலதிகாரி என்றால் தோளில் நட்சத்திரம் வைத்தவர் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.வும் என்.சி.ஓ.வும் அதில் மேலதிகாரிதான். ஆகவே கையில் இரண்டு ஃபீத்தி (பதவிப் பட்டை) மாட்டிய நாயக், ஒரு சிப்பாய்க்குச் சட்டப்படியே மேலதிகாரி. மேலதிகாரியிடம் அடங்காத பேச்சுப் பேசுவது 40-ஆவது பிரிவின் கீழ் குற்றம். சொன்னதைச் செய்ய மறுப்பது 41-இல் வரும். வயது, சர்வீஸ் கணக்கு, எந்த பார்டரில் நின்றார் என்பது எதுவும் அந்தப் பிரிவுகளில் கிடையாது.

அதே சட்டப் புத்தகத்தில் 47-ஆவது பிரிவும் இருக்கிறது. தனக்குக் கீழே உள்ளவரை அடிப்பதும் கொடுமைப்படுத்துவதும் குற்றம் என்கிறது அது. ஏழு வருடம் வரை சிறை. என் மருமகன் கேட்டானே, "ஓங்கி ஒண்ணு" என்று, அந்த ஒன்று இந்தப் பிரிவில்தான் போய் விழும். காலையில் புகார் சொல்ல வேண்டியவன் சாயங்காலம் பதில் சொல்ல வேண்டியவனாக நிற்பான். திறந்து கிடந்த பட்டனை அதற்கப்புறம் யாரும் பேச மாட்டார்கள்.

இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ஜெனரல் ஜார்ஜ் பேட்டன் 1943 மார்ச்சில், கசரீன் கணவாயில் அடி வாங்கி நொந்துபோயிருந்த ஒரு படைப்பிரிவின் பொறுப்பை துனீசியாவில் ஏற்றார். ஹெல்மெட் இல்லாமல் வந்தால் அபராதம், டை இல்லாமல் வந்தால் அபராதம் என்று உடுப்பிலிருந்தே தொடங்கினார். சிப்பாய்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் போட்டுக்கொண்டார்கள். அதே மனிதர் அதே வருடம் ஆகஸ்டில், சிசிலியின் ராணுவ மருத்துவமனைகளில், மனம் உடைந்து கிடந்த இரண்டு சிப்பாய்களைக் கைநீட்டி அறைந்தார். அவருடைய மேல் தளபதி ஐசனோவர் அவரைக் கண்டித்து, மன்னிப்புக் கேட்க வைத்தார். அவ்வளவு பெரிய தளபதியின் பெயரோடு அந்த அறை இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அபராதம் போட்ட கையைப் பார்த்து முணுமுணுத்ததோடு விட்டார்கள், அறைந்த கையை யாரும் மறக்கவில்லை.

சரி, கை நீட்டக்கூடாது. வேறு என்னதான் செய்வது?

சொல்லும் முறையில் பாதி முடிந்துவிடும். மூத்தவரிடம் பத்துப் பேர் நடுவே போய் நின்று, "ஏய், பட்டன்!" என்று விரல் நீட்டினால், அவருக்குப் பட்டன் காதில் விழாது, விரல்தான் தெரியும். பக்கத்தில் போய், "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று நாலடி தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னால் பெரும்பாலானவர்கள் பேசிக்கொண்டே பட்டனைப் போட்டுவிடுவார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தயக்கம் வரும். அண்ணே என்று கூப்பிட்டுவிட்டு அதிகாரம் செய்யலாமா என்று. தாராளமாகச் செய்யலாம். கூப்பிடும் முறை வயதுக்கு உரியது, சொல்லும் செய்தி பதவிக்கு உரியது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பேசத் தெரிந்த என்.சி.ஓ.வை நான் படையில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஜவான்கள் அவர்களுக்குத்தான் அதிகம் கட்டுப்பட்டார்கள்.

திருத்துவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கவும் பழக வேண்டும். பூட்ஸுக்குப் பதில் கேன்வாஸ் ஷூ போட்டு வந்தவர், காலில் புண் என்று எம்.ஐ. ரூமில் (மருத்துவ அறையில்) டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கியிருக்கலாம். தாடி மழிக்காதவருக்கு முகத்தில் தோல் நோய் இருக்கலாம். 2022 ஜனவரி 15 ராணுவ நாள் அணிவகுப்பில் புதிய காம்பாட் உடுப்பு அறிமுகமானது. சட்டையை உள்ளே செருகியே வருடக்கணக்கில் பழகியவர்கள் வெளியே விட்டுப் போடும் முறைக்கு மாற வேண்டியிருந்தது. ஒன்றைத் தெரியாமல் செய்கிறவர் உண்டு, காரணத்தோடு செய்கிறவர் உண்டு, வேண்டுமென்றே செய்கிறவரும் உண்டு. "சீட்டு இருக்கா அண்ணே?" என்ற ஒரு கேள்வியில் மூவரும் தனித்தனியாகப் பிரிந்துவிடுவார்கள்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்த பிறகும் எகத்தாளமான பதில் வந்தால்?

அப்போது கையில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று பட்டன். இன்னொன்று பேச்சு. இளைஞர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பேச்சு சுட்டதும் பட்டனை மறந்துவிடுகிறார்கள். எதிராளிக்கு வேண்டியதும் அதுவே. சண்டை அவருக்கும் உனக்கும் என்று ஆகிவிட்டால் பட்டன் திறந்தபடியே இருக்கும். அதனால் அந்தப் பேச்சுக்கு அங்கே பதில் சொல்லவே வேண்டாம். குரலை உயர்த்தாமல், அதே இடத்தில் நின்று, "பட்டனைப் போடுங்க" என்று இன்னொரு முறை சொல். கேலிக்குக் கேலி, வசவுக்கு வசவு வேண்டாம். இரண்டாவது முறையும் மறுத்தால் அது பேச்சோடு போகவில்லை, உத்தரவை மீறிய கணக்கில் போய்விட்டது. பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்று மனதில் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடு.

பேச்சை எங்கே கொண்டுபோவது? அன்றைக்கே, சூடு ஆறுவதற்குள், கம்பெனி ஹவில்தார் மேஜரிடம். என்ன சொன்னேன், என்ன சொன்னார், யார் கேட்டார்கள் என்று மூன்று வரியில் முடித்துக்கொள்ள வேண்டும். "என்னை அசிங்கப்படுத்திட்டான்" என்று தொடங்கினால் கேட்பவர் அதை இருவருக்குள் உள்ள தகராறாக எடுத்துக்கொள்வார். என் மருமகன் அடுத்த நாள்தான் போய்ச் சொன்னான். அந்த மூத்தவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறார்கள். அன்று மாலை ரோல் காலில் பட்டன் போட்டிருந்தார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

நேரே சார்ஜ் ஷீட்டுக்குப் போகாமல் ஹவில்தார் மேஜரிடம் போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 80-ஆவது பிரிவின் கீழ் கமாண்டிங் ஆபீசர் தன் அறையிலேயே 28 நாள் வரை காவல் தண்டனை கொடுக்கலாம். அந்த மாதிரித் தண்டனை சர்வீஸ் பதிவில் சிவப்பு மையில் ஏறும். ஃபௌஜிகள் (படைக்காரர்கள்) "ரெட் இங்க்" என்று சொல்வது இதைத்தான். புரமோஷன் அடிபடும். நான்கு சேர்ந்தால் வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றியே யோசிக்க ஆரம்பிப்பார்கள். நான்கு சேர்ந்துவிட்டது என்பதற்காக மட்டும் தானாக அனுப்பிவிடக்கூடாது, அவருடைய சர்வீஸையும் சூழ்நிலையையும் பார்க்க வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்கப் பதினைந்து வருட சர்வீஸ் வேண்டும். பதிமூன்றாவது வருடத்தில் நிற்கும் ஒருவரின் வீட்டு அடுப்பு அந்த சிவப்பு மையோடு சம்பந்தப்பட்டது. முதல் முறை வாய் நீண்டதற்கு அதைக் கையில் எடுக்கக்கூடாது. திரும்பத் திரும்பச் செய்கிறவருக்கு எடுக்கத் தயங்கவும் கூடாது.

இதில் எனக்கு உண்மையிலேயே மனம் ஆறாத விஷயம், எதிர்த்துப் பேசிய சிப்பாய் இல்லை. புகாரைக் கேட்டுவிட்டு "விடுப்பா, இதெல்லாம் ஒரு மேட்டரா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று சிரித்து அனுப்பும் மேலே உள்ளவர்கள்தான். அந்தச் சிரிப்போடு அந்த இளைஞனின் கையில் இருந்த ஃபீத்தி வெறும் துணியாகிவிடுகிறது. அடுத்த முறை அவன் திறந்த பட்டனைப் பார்த்தாலும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். இன்னொரு முறை துப்பாக்கியில் சேஃப்டி போடாததைப் பார்த்தாலும் திரும்பிக்கொள்வான்.

என் காலத்தில் இப்படி ஒரு லான்ஸ் நாயக்கை ஒரு மூத்த சிப்பாய் ரோல் காலில் நக்கலடித்தார். எங்கள் சீனியர் ஜே.சி.ஓ. அப்போது ஒன்றுமே பேசவில்லை. மறுநாள் மாலை கம்பெனி முழுவதும் வரிசையில் நிற்கும்போது அந்த லான்ஸ் நாயக்கை முன்னால் கூப்பிட்டார். "இன்னைக்கு டர்ன்-அவுட் நீ பாரு. என்கிட்டே இருந்து ஆரம்பி" என்று சொல்லிவிட்டுத் தானே போய் அவன் முன்னால் அட்டென்ஷனில் நின்றார். அந்தப் பையனுக்குக் கை நடுங்கியது. தொப்பியின் பேட்ஜ் இடது கண்ணுக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்தான், காலரைப் பார்த்தான், பெல்ட் பக்கிளைப் பார்த்தான். "சாப், பெல்ட் லூப் ஒண்ணு விட்டுப்போச்சு" என்றான். அவர் "சரி" என்று சொல்லி அங்கேயே பெல்ட்டைக் கழற்றி, லூப்புக்குள் விட்டு, திரும்பக் கட்டினார். அதற்கப்புறம் அந்தக் கம்பெனியில் லான்ஸ் நாயக் சொல்லுக்கு எதிர்ப்பேச்சு வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

சமமான ரேங்க் உள்ளவர், வேறு யூனிட்காரர், ரயில்வே ஸ்டேஷனில் உடுப்போடு செருப்பைப் போட்டுக்கொண்டு திரிகிறார் என்றால் 40-ஆவது பிரிவு உதவாது. அங்கே நண்பனாக ஒரு முறை சொல்லலாம். கேட்காவிட்டால் சிவப்புத் தொப்பி மிலிட்டரி போலீஸ் இருக்கிறார்கள். அது அவர்கள் வேலை.

2022-இலிருந்து இன்னொரு புதுச் சிக்கல் சேர்ந்திருக்கிறது. அக்னிவீரர்கள் நான்கு வருடத்துக்கு வருகிறார்கள். அவர்களில் 25 சதவீதம் வரைதான் நிரந்தரமாகச் சேர்க்கப்படுவார்கள். "நாலு வருஷத்துல போறவன் எனக்கென்ன சொல்றது" என்று ஒரு பக்கமும், "எப்படியும் போகத்தான் போறேன், இவன் பேச்சை ஏன் கேக்கணும்" என்று இன்னொரு பக்கமும் பேச்சு எழ இடமிருக்கிறது. இரண்டுமே ஒரே நோய். எல்லையில் நிற்கும் அன்றைக்கு யாருக்கு எத்தனை வருடம் பாக்கி என்று குண்டு கேட்பதில்லை.

ஹவில்தார் மேஜர்களுக்கும் சுபேதார்களுக்கும் ஒரு பழைய ஃபௌஜியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஃபீத்தி புதிதாகத் தைத்த ஒரு பையன் இப்படி ஒரு புகாரோடு உங்கள் முன்னால் வந்து நின்றால் சிரிக்காதீர்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று அனுப்பாதீர்கள். அன்றைக்கே அந்த மூத்தவரைத் தனியாகக் கூப்பிடுங்கள். இரண்டு பேர் சொல்வதையும் கேளுங்கள். தவறு திருத்தியவன் மேல் இருந்தால் அவனையும் தனியாகக் கண்டியுங்கள். ரோல் காலுக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.