543இல் 74

2023 செப்டம்பரில், மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் மசோதாவுக்கு மக்களவையில் ஆதரவாக விழுந்த ஓட்டு 454. எதிராக வெறும் 2. ஒன்பது மாதம்கூட முழுசாக ஆகவில்லை, தேர்தல் முடிவு வந்தது: 543 பேரில் பெண்கள் 74. 2019இல்கூட 78 பேர் இருந்தார்கள்.

கேட்டால், "சட்டம் இன்னும் அமலுக்கு வரலையே, கணக்கெடுப்பு முடியணும், தொகுதி மறுவரையறை முடியணும்" என்பார்கள். சரி, வேட்பாளர் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயரை எழுத எந்தக் கணக்கெடுப்பு வேண்டும்? திரிணாமூல் ஜெயித்த 29 பேரில் 11 பேர் பெண்கள். எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

படிப்பில் முன்னால் நிற்கிற கேரளம் அந்தத் தேர்தலில் 20 பேரையும் ஆண்களாகவே அனுப்பியது. (பிரியங்கா வந்தது பிறகு, இடைத்தேர்தலில்.) நம்ம ஊர் மட்டும் என்ன வாழுது? சமூகநீதி என்று தொண்டை கிழியப் பேசும் தமிழ்நாட்டில் 39க்கு 5. திமுக தன் 21 வேட்பாளர்களில் நிறுத்திய பெண்கள் 3 பேர், மூவரும் ஜெயித்தார்கள். "பாதிக்குப் பாதி பெண்களை நிறுத்தின நாம் தமிழர் என்ன ஆச்சு?" என்று யாராவது குறுக்கே வருவார்கள். அந்தக் கட்சியில் ஆண்களும்தான் ஒருத்தர்கூட ஜெயிக்கலை, ஐயா.

உள்ளாட்சியில் பாதி இடங்களில் உட்கார்ந்து, குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் மல்லுக்கட்டிய பெண்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் பெயரை மாவட்டச் செயலாளர் தலைமைக்கு அனுப்பினார்? அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும்போது இதைக் கேளுங்கள்.