புகைக் கட்டணமும் பொது ஜன அபிப்பிராயமும்

பட்டணத்துக்குள் விஷப்புகை கக்கிக்கொண்டு வரும் மோட்டார் வண்டிகளுக்குக் கட்டணம் போட வேண்டும் என்று எந்த ஊரில் யார் வாயெடுத்தாலும், உடனே ஒரு கூட்டத்தார் கிளம்பி, "பொது ஜன அபிப்பிராயம் இதற்கு விரோதமாய் இருக்கிறது, ஜனங்கள் இதைச் சகிக்க மாட்டார்கள்" என்று கூப்பாடு போட ஆரம்பித்து விடுகிறார்கள். பத்திரிகைகளும் அதையே எடுத்துப் பத்துப் பங்காகப் பெருக்கி எழுதுகின்றன. ஓட்டுக்குப் பயந்த மந்திரிமார்களும் "ஆம், ஆம், ஜனங்களின் இஷ்டமே நம் இஷ்டம்" என்று ஒத்து ஊதுகிறார்கள். இவர்களை நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். அந்தப் பொது ஜனங்கள் என்பவர்கள் யார்? வண்டி ஓட்டுகிறவன் மாத்திரம் பொது ஜனமா? அந்த வண்டியின் புகையைச் சுவாசித்துக்கொண்டு ஓரமாய் நடந்து போகிறவன் பொது ஜனத்தில் சேர்ந்தவன் அல்லவா?

இந்தச் சங்கதி லண்டன் பட்டணத்தில் நடந்திருக்கும் விதத்தைக் கவனித்தால், பொது ஜன அபிப்பிராயம் என்னும் சரக்கு எப்படித் தயாரிக்கப்படுகிறது என்பது எவருக்கும் விளங்கும். அங்கே 2019ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 8ஆம் தேதி முதல், நகரத்தின் நடுமத்திக்குள் பழைய புகை வண்டியை ஓட்டி வருகிறவர் நாளொன்றுக்கு 12 பவுன் 50 பென்ஸ் கட்ட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. பெட்ரோல் வண்டியானால் ஏறக்குறைய 2006க்குப் பின் வந்ததற்கும், டீசல் வண்டியானால் 2015, 2016 வாக்கில் வந்த புதிய தரத்ததற்கும் கட்டணமே கிடையாது. ஆகவே இது வண்டி வைத்திருப்பதற்கு வரியல்ல, புகைக்கு வரி. 2021 அக்டோபரில் இது வடக்கு, தெற்குச் சுற்றுச்சாலைகள் வரையில் விரிந்தது. 2023 ஆகஸ்டு 29ஆம் தேதி முதல் சுமார் 90 லட்சம் ஜனங்கள் வசிக்கும் லண்டன் முழுமைக்கும் வந்தது. கூச்சல் பெரிதானது இந்தக் கடைசிப் படியில்தான்.

தெற்குச் சுற்றுச்சாலை என்றோமே, அதைப்பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தச் சாலைக்குப் பக்கத்தில் லூயிஷாம் என்ற பகுதியில் ஒரு பெண் குழந்தை வசித்து வந்தது. சுவாசகாசம் கண்டு, சுமார் மூன்று வருஷங்களுக்குள் ஏறக்குறைய முப்பது தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டு, 2013 பிப்ரவரியில் ஒன்பதாவது வயதில் இறந்து போயிற்று. நம் ஊராயிருந்தால் "தலைவிதி" என்று சொல்லி இரண்டாம் நாளே காரியத்தை முடித்திருப்பார்கள். அந்தக் குழந்தையின் தாயார் அப்படி விடவில்லை. வருஷக்கணக்காய்ப் போராடி, முதலில் நடந்த மரண விசாரணையைத் தள்ளிவிடச் செய்து, மறு விசாரணை வாங்கினார். 2020 டிசம்பரில் விசாரணை அதிகாரி, அந்தக் குழந்தையின் சாவுக்குக் காற்றின் அசுத்தமும் ஒரு காரணம் என்று தீர்ப்பெழுதினார். பிரிட்டனில் ஒருவருடைய சாவுக்கு இப்படிக் காரணம் எழுதப்பட்டது அதுவே முதல் தடவை. புகையின் அளவு சட்டம் அனுமதித்த எல்லைக்கு மேல் இருந்ததென்றும், அந்த அபாயம் தாயாருக்கு எவராலும் எடுத்துச் சொல்லப்படவில்லை என்றும் அதே விசாரணையில் வெளியாயிற்று.

இப்பொழுது வேடிக்கையைப் பாருங்கள். 2021இல் கட்டணம் "சுற்றுச்சாலை வரையில்" விரிந்தது என்றோம். வரையில் என்றால் அந்தச் சாலையைச் சேர்க்காமல்! எந்தச் சாலையின் ஓரத்தில் அந்தக் குழந்தை மூச்சு முட்டிச் செத்ததோ, அந்தச் சாலையில் 2023 ஆகஸ்டு கடைசி வரையில் எவ்வளவு பழைய டீசல் காரும் காசில்லாமல் புகை விட்டுக்கொண்டு போகலாம். அதையும் சேர்த்துக் கொள்ளும் ஏற்பாட்டைத்தான் "ஜனங்கள் விரும்பவில்லை" என்று சொன்னார்கள்.

எந்த ஜனங்கள்? லண்டனில் பத்துக் குடும்பங்களில் நாலு குடும்பங்களுக்குச் சொந்த மோட்டார் என்பதே கிடையாது. மீதி ஆறு குடும்பங்களையாவது பார்ப்போமென்றால், கட்டணம் விரிவதற்கு முன்பாகவே வெளிப்பகுதிகளில் ஓடிய கார்களில் பத்துக்கு ஒன்பது, கட்டணமில்லாத தரத்தைச் சேர்ந்தவை என்று நகரப் போக்குவரத்து இலாகா கணக்குக் காட்டிற்று. ஆகவே நாளொன்றுக்கு ஒரு பென்னிகூடக் கொடுக்க வேண்டியிராத கனவான்கள்தான் பெருவாரியாய் நின்று "ஏழைகளைக் கசக்கிப் பிழிகிறார்கள்" என்று கண்ணீர் விட்டார்கள். ஏழைகள் மேல் இவர்களுக்கு இத்தனை அன்பு எப்பொழுது பிறந்தது? பஸ் கட்டணம் உயர்ந்த வருஷங்களில் இந்த அன்பு எங்கே ஒளிந்திருந்தது?

2023 ஜூலை 20ஆம் தேதி அக்ஸ்பிரிட்ஜ் என்ற தொகுதியில் ஓர் உப தேர்தல் நடந்தது. போரிஸ் ஜான்சன் ராஜினாமாச் செய்ததால் காலியான ஸ்தானம் அது. அதில் கன்சர்வேடிவ் கட்சியார் 495 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். உடனே, இது புகைக் கட்டணத்துக்கு ஜனங்கள் கொடுத்த சவுக்கடி என்று எல்லாப் பத்திரிகைகளும் தலைப்புப் போட்டன. தொழிற் கட்சியின் தலைவர் ஸ்டார்மரோ தம் கட்சியைச் சேர்ந்த மேயரைப் பார்த்தே "யோசித்துச் செய்யும்" என்று புத்தி சொல்ல ஆரம்பித்தார். பிரதம மந்திரி சுனக்கோ தாம் மோட்டார்காரர் கட்சி என்று மார்தட்டினார். 495 ஓட்டு! ஒரு பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைகூட அதைவிட அதிகம். இவ்வளவுக்கும், இந்தக் கட்டணத்தை 2015இலேயே முதல் முதல் தீர்மானித்து வெளியிட்டவர், அந்த ஸ்தானத்தைக் காலி செய்த அதே ஜான்சன்தான். அப்பொழுது அவர் லண்டன் மேயர். அவர் போட்ட விதைக்கு வேறொருவர் தண்ணீர் ஊற்றினதும், அவர் கட்சியாரே அது விஷச் செடி என்று கத்தினார்கள்.

அடுத்த வருஷம் என்ன நடந்தது என்பதை மாத்திரம் அதே பத்திரிகைகள் அவ்வளவு பெரிய எழுத்தில் போடவில்லை. 2024 மே 2ஆம் தேதி மேயர் தேர்தல். ஒரு பக்கம் கட்டணத்தை விரித்த சாதிக் கான். மறு பக்கம், பதவியேற்ற முதல் நாளே அந்த விரிவை ரத்துச் செய்வேன் என்று வாக்களித்த சூசன் ஹால் அம்மையார். முடிவில் கான் 2,75,000 ஓட்டுகளுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தத் தேர்தலில் வேறு விஷயங்களும் கலந்திருந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 495 ஓட்டுக்குப் பொது ஜன அபிப்பிராயம் என்று பேர் வைத்தவர்கள் இந்த 2,75,000க்கு என்ன பேர் வைக்கப் போகிறார்கள்?

நிற்க. ஜனங்களை நேரே கேட்டே தீர்மானித்த ஊர்களும் உண்டு. ஸ்காத்லாந்தில் எடின்பரோ நகரத்தார் 2005 பிப்ரவரியில், போக்குவரத்துக் கட்டணம் வேண்டுமா என்று ஓட்டெடுத்தார்கள். நூற்றுக்கு 74 பேர் வேண்டாமென்றனர். மான்செஸ்டரில் 2008 டிசம்பரில் கேட்டார்கள். அங்கே நூற்றுக்கு 79 பேர் வேண்டாமென்றனர். இதோடு நிறுத்திக்கொண்டால் எதிரிகள் சொல்வதே வேதவாக்கு ஆகிவிடும். ஆனால் இத்தாலி தேசத்து மிலான் நகரத்தையும் கொஞ்சம் பாருங்கள். அங்கே 2008 ஜனவரியிலேயே, புகையின் தரத்துக்குத் தக்கபடி வண்டிகளுக்குக் கட்டணம் போட்டு நடத்தி வந்தார்கள். மூன்றரை வருஷம் கழித்து 2011 ஜூனில், இந்தக் கட்டணத்தை இன்னும் விரிக்கலாமா என்பதை உள்ளிட்ட ஒரு யோசனையை ஜனங்கள் முன் வைத்தார்கள். நூற்றுக்கு 79 பேர் "விரியுங்கள்" என்று ஓட்டுப் போட்டார்கள்.

அங்கே 79 வேண்டாம். இங்கே 79 வேண்டும். மான்செஸ்டர்காரன் மூக்கு வேறு, மிலான்காரன் மூக்கு வேறா? ஒருவன் அனுபவிக்காமல் சொன்னான். மற்றவன் அனுபவித்துப் பார்த்துச் சொன்னான். வித்தியாசம் பெரும்பாலும் அவ்வளவே.

ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோமில் இன்னும் புத்திசாலித்தனமாய் நடந்துகொண்டார்கள். அங்கும் ஆரம்பத்தில் பெருவாரியோர் எதிர்ப்புத்தான். 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரையில் பரீட்சார்த்தமாய்க் கட்டணம் வசூலித்துப் பார்த்தார்கள். நகரத்துக்குள் நுழையும் வண்டிகளில் ஐந்தில் ஒரு பங்கு மறைந்து போயிற்று. ஆகஸ்டில் வசூலை நிறுத்தினார்கள். வண்டிகள் பழையபடி திரும்பி வந்து நெருக்க ஆரம்பித்தன. ஜனங்கள் இரண்டையும் தங்கள் கண்ணால் பார்த்துவிட்டு, செப்டம்பர் 17ஆம் தேதி ஓட்டுப் போட்டார்கள். பாதிக்குச் சற்று மேற்பட்டோர் "வேண்டும்" என்றனர். 2007 ஆகஸ்டில் அது நிரந்தரமாயிற்று. சில வருஷங்களில் நூற்றுக்கு 70 பேர் வரையில் ஆதரவாளராய் விட்டார்கள். இதை ஆராய்ந்த ஜோனாஸ் எலியாசன் என்ற நிபுணர் ஓர் அதிசயத்தைக் கண்டார். முன்னே எதிர்த்துப் பின்னே ஆதரித்தவர்களில் பலருக்குத் தாங்கள் அபிப்பிராயம் மாறினதே ஞாபகமில்லையாம்! "நாங்கள் எப்பொழுதும் இப்படித்தானே நினைத்தோம்" என்றார்களாம். அசைக்க முடியாத பாறை என்று சொல்லப்படும் பொது ஜன அபிப்பிராயத்தின் யோக்கியதை இதுதான். தான் மாறினது தனக்கே தெரியாத ஒன்றைக் காட்டியா நம்மை மிரட்டுவது?

எதிரிகளுக்கு ஒளிக்காமல் இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். அதே ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரத்தில் 2013இல் கட்டணம் வந்தது. அடுத்த வருஷம் ஓட்டெடுத்தபோது நூற்றுக்கு 57 பேர் எதிர்த்தார்கள். ஆகவே அனுபவித்தால் எல்லோரும் ஒப்புக்கொண்டே தீருவார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. கோத்தன்பர்க்கில் வசூலான பணம், ஜனங்களில் பலர் விரும்பாத ஒரு ரயில் சுரங்க வேலையோடு சேர்த்துப் பிணைக்கப்பட்டிருந்தது. வாங்கின காசுக்கு என்ன கொடுக்கிறாய் என்று கேட்க ஜனங்களுக்குப் பாத்தியம் உண்டு. அதற்குச் சரியாய்ப் பதில் சொல்லாத சர்க்கார் அடி வாங்கத்தான் வேண்டும்.

ஏழை வண்டிக்காரன் விஷயத்துக்கு வருவோம். பழைய வேன் ஒன்றை வைத்துக் குழாய் வேலையோ, தச்சு வேலையோ செய்து பிழைக்கிறவன், இரவு வேலைக்குப் பஸ் இல்லாத மூலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் தாதி, இவர்களுடைய முறையீடு புரட்டல்ல; உண்மையே. ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் கடையும் சாமான் வேனும் வைத்துப் பிழைக்கும் தமிழர்களும் இதில் அடங்குவார்கள். நாளொன்றுக்கு 12½ பவுன் என்பது அவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு அல்ல, ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சாப்பாடு. பழைய காரைக் கொடுத்துவிட்டால் 2,000 பவுன் தருகிறோம் என்று நகர நிர்வாகம் ஒரு நிதி ஏற்படுத்திற்று. அது முடிவில் 21 கோடி பவுன் வரையில் உயர்ந்தது. ஆனால் முதலில் அது சில வகை உதவித்தொகை பெறுவோருக்கும், சிறு வியாபாரிகளுக்கும், அங்கவீனர் முதலானோருக்கும் என்று வகுக்கப்பட்டிருந்தது. லண்டன்வாசிகள் எல்லோருக்கும் என்று திறந்து விட்டது 2023 ஆகஸ்டு 21ஆம் தேதி, அதாவது கட்டணம் விரிவதற்கு எட்டே நாள் முன்பு! எட்டு நாளில் ஒரு தொழிலாளி பழைய வண்டியை விற்று வேறு வண்டி தேடி வாங்கி விடுவானா? இந்தத் தாமதத்தை நாம் கண்டிக்கிறோம். சரியான காரியத்தைச் செய்கிறோம் என்ற இறுமாப்பில் ஏழையின் சௌகரியத்தைக் கடைசியில் யோசிப்பது, எதிரிக்குத் தானே கத்தி தீட்டிக் கொடுப்பதாகும்.

ஆனால் இந்த முறையீட்டிலிருந்து வர வேண்டிய முடிவு என்ன? ஏழைக்கு உதவியை அதிகப்படுத்து, காலக்கெடு கொடு, பஸ்ஸை விடு என்பதல்லவா? அதை விட்டுவிட்டுப் "புகையை விடு" என்று முடிவு கட்டுகிறார்களே, இது எந்த நியாயம்? புகை சூழ்ந்த பெருஞ்சாலை ஓரத்தில் மலிவு வாடகைக்கு வசிக்கிறவனும் ஏழைதானே? அவனுக்கு வண்டியும் இல்லை, வாயும் இல்லை. லண்டனில் 2019இல் காற்று அசுத்தத்தின் காரணமாய் அகாலமாய் ஏற்பட்ட மரணங்கள் 4,000 வரையில் இருக்கும் என்று இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர் கணக்கிட்டார்கள். அந்த 4,000 பேரும் எந்த உப தேர்தலிலும் ஓட்டுப் போட வர மாட்டார்கள்.

"இது சுதந்திரத்தில் கை வைப்பதாகும்" என்பது மற்றோர் ஆட்சேபணை. இதே லண்டனில் 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகையும் பனியும் சேர்ந்து ஐந்து நாள் மூடிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. 1956இல் புகை கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. தன் வீட்டுக் கணப்பில் தான் இஷ்டப்பட்ட கரியை எரிப்பது ஆங்கிலேயனின் பிறப்புரிமை என்று அக்காலத்தில் நினைத்தவர்கள் எத்தனையோ பேர். அந்த உரிமையைத் திருப்பிக் கொடு என்று இன்று லண்டனில் எவனாவது கொடி பிடிக்கிறானா?

"பணம் பறிக்கும் தந்திரம்" என்பதும் அதே ரகம். வண்டியை மாற்றிக்கொண்டவன் ஒரு காசும் தர வேண்டியதில்லை. எல்லோரும் மாற்றிக்கொண்டால் வசூலே நின்றுவிடும். வசூலைப் போக்குவரத்துக் காரியத்துக்குத்தான் செலவிட வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. கட்டணம் விரிந்த சில மாதங்களிலேயே லண்டனில் ஓடும் வண்டிகளில் நூற்றுக்கு 95க்கு மேல் தரத்துக்கு உட்பட்டு விட்டன. 2025 மார்ச்சில் வெளியான அறிக்கை, இந்தக் கட்டணம் இல்லாதிருந்தால் இருக்கக்கூடிய அளவைவிடச் சாலையோர நைட்ரஜன் டை ஆக்ஸைடு லண்டன் முழுவதிலும் நூற்றுக்கு 27 குறைந்திருக்கிறது என்கிறது. தானே குறைந்து போகும்படி ஏற்பாடு செய்யப்பட்ட வசூலைக் கொள்ளை என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இரவில் முகத்தை மூடிக்கொண்டு வந்து, வண்டி நம்பரைப் படிக்கும் காமிராக்களின் கம்பியை அறுத்தவர்களைப்பற்றி நாம் அதிகம் எழுதப் போவதில்லை. பொது ஜனங்கள் தங்கள் பக்கம் என்று நம்புகிறவனுக்கு முகமூடி எதற்கு?

ஆனால் முகத்தை மூடாமலே எதிர்த்தவர்களைப்பற்றி ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பெக்ஸ்லி, பிராம்லி, ஹாரோ, ஹில்லிங்டன் ஆகிய நாலு பகுதிச் சபைகளும், பக்கத்துச் சர்ரே ஜில்லா சபையும் சேர்ந்து, கட்டண விரிவைத் தடுக்க ஹைகோர்ட்டுக்குப் போயின. 2023 ஜூலை 28ஆம் தேதி, மேயர் செய்தது சட்டப்படி சரியே என்று தீர்ப்பாயிற்று. அந்த வழக்குக்குச் செலவழிந்தது வீட்டு வரி கட்டுகிறவர்களின் பணம். ஹாரோவிலும் ஹில்லிங்டனிலும் வரி கட்டும் தமிழர்கள் அநேகர் உண்டு. அவர்கள் அடுத்த தடவை தங்கள் சபை அங்கத்தினர் வீட்டு வாசலில் வந்து ஓட்டுக்கு நிற்கும்போது, வழக்குக்கு எவ்வளவு செலவாயிற்று, அதே பணத்தில் பள்ளிக்கூட வாசலில் புகையைக் குறைக்க எவ்வளவு செய்திருக்கலாம் என்று கணக்குக் கேட்கட்டும்.