கொரில்லாவோடு குரங்கு இருக்கலாமா?

போன சனிக்கிழமை லாச்சப்பல் தமிழ் வகுப்பில் ஒரு சண்டை. வாய்ச்சண்டைதான். நான் பலகையில் கொரில்லாவின் படம் ஒன்றை ஒட்டிவிட்டு, "இதோட சின்னக் குரங்குகளையும் ஒரே அடைப்புக்குள்ள விடலாமோ?" என்று கேட்டேன்.

"ஐயோ ரீச்சர், நசுக்கிப்போடும்!" என்றாள் ஒரு பிள்ளை.

"ரெண்டும் குரங்குதானே ரீச்சர். சொந்தக்காரர்!" என்றான் இன்னொரு பிள்ளை.

அதோடு வகுப்பு முடிந்துவிட்டது. அதனால் என் பதிலை உங்களுக்கு இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தம்பிக்கு. தமிழில் இரண்டையும் குரங்கு என்கிறோம். பிரெஞ்சிலும் இரண்டும் 'சேஞ்ச்'தான். ஆனால் கொரில்லாவுக்கு வால் இல்லை. சிம்பன்சி, ஒராங்குட்டான் போல அதுவும் மனிதக்குரங்கு. உறவுமுறை பார்த்தால், வாலுள்ள குரங்கைவிட நாங்கள்தான் கொரில்லாவுக்குக் கிட்டின சொந்தம்! ஆகவே, தம்பி, உங்கட காரணம் சரிவராது.

ஆனாலும் விடலாம் என்பதுதான் என் கருத்து. இது புது யோசனையும் இல்லை. நெதர்லாந்தில் அப்பல்டோர்ன் என்ற ஊரில் 'ஆப்பன்ஹூல்' என்ற குரங்குப் பூங்கா இருக்கிறது. 1971இல் தொடங்கியது. அங்கே சின்ன அணில் குரங்குகள் பார்க்க வருபவர்களுக்கு நடுவிலேயே திரியும். உங்கள் பையைத் திறந்து பார்க்கவும் செய்யும்! கொரில்லாக்களுக்குத் தண்ணீர் சூழ்ந்த ஒரு தீவு. அந்தத் தீவில் கொரில்லாக் குடும்பத்தோடு பட்டாஸ் குரங்குகளும் வாழ்ந்து வந்திருக்கின்றன. பெயரைக் கேட்டதும் தீபாவளி ஞாபகம் வருகுதா? பொருத்தமான பெயர்தான். குரங்குகளிலேயே வேகமாக ஓடுவது அதுதான். மணிக்கு 55 கிலோமீற்றர் வரை ஓடும்.

ஏன் சேர்த்து விட வேண்டும்? காட்டில் கொரில்லா இலை தின்னும்போது, மேலே மரத்தில் குரங்குகள் தாவும், கத்தும். மிருகக்காட்சிச்சாலையில் என்ன இருக்கு? அதே மதில், அதே கயிறு, அதே நாங்கள். குரங்குகள் வந்தால் கொரில்லாக் குட்டிக்குத் துரத்தி விளையாட ஆள் கிடைக்கும். பெரியதுகளுக்குப் பார்க்க ஏதாவது இருக்கும். கொரில்லா இலை, தண்டு, பழம் தின்னும் மிருகம். குரங்கை வேட்டையாடாது. சிம்பன்சி அப்படியில்லை. ஜேன் குடால் என்பவர் 1960இல் தன்சானியாவின் கொம்பே காட்டுக்குப் போய் சிம்பன்சிகளைக் கவனிக்கத் தொடங்கினார். அவை குரங்குகளைப் பிடித்துத் தின்னும் என்பது அங்கேதான் தெரியவந்தது. அதனால் சிம்பன்சியோடு விடச் சொன்னால் நானும் "ஐயோ" என்றுதான் சொல்லுவேன்.

இனி அந்தத் தங்கச்சிக்கு. உங்கட பயம் நியாயமான பயம். வளர்ந்த ஆண் கொரில்லா 150 கிலோவுக்கு மேல் இருக்கும். ஆண் பட்டாஸ் குரங்கு 12 கிலோ அளவுதான். கொரில்லா கோபப்படக்கூடத் தேவையில்லை. விளையாட்டாக ஒரு தட்டுத் தட்டினாலே போதும். ஆகவே குரங்குக்கு ஓட இடம் வேண்டும். குரங்கு நுழையலாம், கொரில்லா நுழைய முடியாது என்ற அளவில் ஒரு சின்ன வாசல் வேண்டும். அந்த வாசலுக்கு அந்தப் பக்கம் அதற்குத் தனிச் சாப்பாடும் தனிப் படுக்கையும் வேண்டும். வைத்தியரும் முதலே பார்க்க வேண்டும். ஒரு இனத்துக்கு ஒன்றும் செய்யாத கிருமி இன்னொரு இனத்தைச் சாகடிக்கலாம். இதெல்லாம் இல்லையென்றால் விடவே கூடாது.

லாச்சப்பலுக்கு முதல் வந்த எங்கட ஆக்கள் பலர் ஒரே அறையில் நெருக்கிப் படுத்தவர்கள். வீட்டில் கேட்டுப் பாருங்கோ, சிரித்துச் சிரித்துக் கதை சொல்லுவினம். ஆனால் "திரும்ப அப்படி இருப்பீங்களோ?" என்று கேளுங்கோ! சேர்ந்து இருப்பது வேறு, இடமில்லாமல் நெருக்கி வைப்பது வேறு. செலவு குறையும் என்று ஒரே அடைப்பில் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்று. இந்தியாவில் மைசூர் மிருகக்காட்சிச்சாலையில் போலோ என்ற ஆண் கொரில்லா இருந்தது. 1995இல் அயர்லாந்தின் டப்ளினில் இருந்து வந்தது, 2014இல் செத்துப்போனது. பல வருடமாக இந்தியா முழுவதற்கும் அது ஒன்றுதான் கொரில்லா. அதோடு பத்துக் குரங்கை விட்டிருந்தால் தனிமை போயிருக்குமா? கொஞ்சம் பொழுது போயிருக்கும், அவ்வளவுதான். கொரில்லாவுக்கு முதலில் வேண்டியது இன்னொரு கொரில்லா. 2021இல் ஜெர்மனியில் இருந்து தாபோ, தெம்பா என்ற அண்ணன் தம்பி இரண்டும் சேர்ந்தே மைசூருக்கு வந்தன. அது எனக்குச் சந்தோசம்.

எங்கட பாரிஸில், வன்சென் மிருகக்காட்சிச்சாலையில், கொரில்லா இல்லை. ஆனால் அங்கே ஒட்டகச்சிவிங்கிகள் வேறு மிருகங்களோடு ஒரே வெளியில் நிற்கும். லாச்சப்பலில் 2ஆம் மெட்ரோ எடுத்து நசியோனில் இறங்குங்கோ. பிறகு 6, தொமெனிலில் மாறி 8, போர்த் தொரேயில் இறங்கி நடக்கலாம். சின்ன மிருகங்களுக்கு ஒதுங்க எங்கே இடம் விட்டிருக்கினம் என்று தேடிப் பார்த்துவிட்டு, வகுப்பில் வந்து சொல்லுங்கோ.